சிவப்பு மாத்திரையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும்

அன்புள்ள பாப்பா,

வண்டலூர் மெடிக்கல் ஷாப்பில் நின்றபடி நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். ஒன்று கிரான்பெர்ரி கேப்ஸ்யூல். அடுத்தது கிரான்பெர்ரியோடு டி-மேனோஸ் சேர்த்த சாஷே. மூன்றாவது, நீர்க்கடுப்பு என்றதும் எல்லாரும் கை நீட்டி வாங்குகிற சிட்ரேட் சிரப். “எது வாங்கட்டும் சித்தி? கடைக்காரர் மூணுமே நல்லதுங்கறார்” என்று கேட்டிருக்கிறாய். மருந்தாளுநராக வேலை பார்த்த காலம் முழுக்க, கவுண்டருக்கு உள்ளே நின்று நான் கேட்டுப் பழகிய கேள்விதான். வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் சொன்னால் அரைகுறையாகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் உன்னை ஒன்று கேட்கிறேன். இந்த வருஷம் மூன்றாவது முறை என்கிறாய். மூன்று தடவையில் ஒரு தடவையாவது யூரின் கல்ச்சர் எடுத்தாயா? ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருஷத்தில் மூன்று முறை வந்தால்தான் ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்று டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் கணக்குக்கு ஆதாரம் கல்ச்சர் ரிப்போர்ட். எரிச்சல் மட்டும் போதாது. எரிச்சல் பிறப்புறுப்புப் பூஞ்சையாலும் வரும், கல்லாலும் வரும், உடலுறவால் பரவும் சில தொற்றுகளாலும் வரும். அவற்றுக்குக் கிரான்பெர்ரி எந்த உதவியும் செய்யாது. காசு போவது ஒரு பக்கம், உண்மையான நோய் உள்ளே வளர்வது இன்னொரு பக்கம்.

இன்னொன்றும் உண்டு. சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கும், கல்ச்சரில் ஒரு கிருமியும் வளராது. அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் காசநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சிறுநீரகத்திலும் காசநோய் வரும். நீ தினமும் ரயிலில் தாண்டிப் போகிற தாம்பரம் சானடோரியம் இருக்கிறதே, அந்தப் பெயரே 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. உனக்கு அது இருக்கிறது என்று பயமுறுத்தவில்லை. பரிசோதனை இல்லாமல் ஊகத்தில் மாத்திரை விழுங்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

கல்ச்சர் கொடுக்கும்போது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கொடு. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் தருகிற மூடிய டப்பாவில் பிடி. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். கடைக்காரரிடம் “போன தடவை கொடுத்ததே, அதையே மூணு நாளைக்குக் கொடுங்க” என்று கேட்டு வாங்குகிற பழக்கத்தை இன்றோடு நிறுத்து. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின் போன்றவை 2014 மார்ச் 1 முதல் ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சட்டம் இருந்தும் எப்படிக் கிடைக்கிறது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, கிரான்பெர்ரிக்கு வருகிறேன். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவை நம் குடலிலேயே குடியிருக்கிற இ.கோலை என்ற பாக்டீரியாவால் வருபவை. நாயுருவி விதை சேலை முந்தானையில் ஒட்டுகிற மாதிரி, அது சின்னச் சின்ன முடிகளால் சிறுநீர்ப்பையின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பிடி கிடைக்காவிட்டால் சிறுநீரோடு வெளியே போய்விடும். கிரான்பெர்ரி சிறுநீரை அமிலமாக்கிக் கிருமியைக் கொல்கிறது என்றுதான் முதலில் நம்பினார்கள். அப்படி அல்ல, கிருமி ஒட்டுவதைத்தான் அது தடுக்கிறது என்று 1984-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஒட்டவிடாமல் செய்வது அந்தப் பழத்தில் இருக்கும் புரோஆந்தோசயனிடின் என்ற பொருள் என்று 1998-ல் கண்டுபிடித்தார்கள். லேபிளில் ‘பிஏசி’ என்று சுருக்கமாகப் போட்டிருக்கும்.

பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2012-ல் கிரான்பெர்ரி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு புது ஆய்வுகள் வந்தன. 2023-ல் அதே குழு 50 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 8,900 பேரின் விவரங்களை, மறுபடி பார்த்துத் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களுக்கு ஆபத்து சுமார் 26 சதவீதம் குறைகிறது என்றது. இதைச் சரியாகப் புரிந்துகொள். நூறு பெண்களில் நாற்பது பேருக்குத் தொற்று வரும் என்று வை. கிரான்பெர்ரி சாப்பிட்டால் அது முப்பது பேர் ஆகும். மீதிப் பத்துப் பேரில் நீ ஒருத்தியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கர்ப்பிணிகளுக்கும், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும், சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாதவர்களுக்கும் பலன் தெரியவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதனால் நாள் தள்ளிப்போனால் கிரான்பெர்ரியை நம்பி உட்காராதே, டாக்டரிடம் போ.

வாங்குவதென்றால் பெட்டியைத் திருப்பிப் பார். முன்பக்கத்தில் ‘கிரான்பெர்ரி 500 மி.கி.’ என்று பெரிதாகப் போட்டிருப்பது சாற்றுப்பொடியின் எடை. நீ தேட வேண்டியது பிஏசி எத்தனை மில்லிகிராம் என்ற எண். ஆய்வுகளில் பெரும்பாலும் பேசப்படும் அளவு நாளுக்கு 36 மில்லிகிராம். அந்த எண்ணே போடாத பெட்டியை வைத்துவிட்டு வா. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், பார்த்துத் திகைக்காதே. 2016-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அதை அச்சிடச் சொல்கிறது. அதாவது இது சட்டத்தின் கண்ணில் உணவு, மருந்து அல்ல. மருந்தைப் போலப் பலனை நிரூபித்துவிட்டுக் கடைக்கு வந்த பொருள் இல்லை. பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பார்.

ஜூஸ் பாட்டில் வேண்டாம், பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்தான். களாக்காயைப் பதப்படுத்தி ‘இந்திய கிரான்பெர்ரி’ என்று விற்பவர்களும் உண்டு. களாக்காய் ஊறுகாய்க்கு நான் அடிமை, ஆனால் அது அரளிக் குடும்பத்துச் செடி. கிரான்பெர்ரி புளூபெர்ரியின் சொந்தம். அந்த 50 ஆய்வுகளில் களாக்காய்க்குப் பங்கு இல்லை.

உனக்குச் சிறுநீரகக் கல் இருந்த சரித்திரம் இல்லை, அதனால் பரவாயில்லை. உன் அப்பாவுக்கு இருந்ததால் அவர் இதைத் தொடக்கூடாது. கல் உண்டாக்கும் ஆக்ஸலேட்டைக் கிரான்பெர்ரி மாத்திரை சிறுநீரில் கூட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் எடுக்கக்கூடாது.

டி-மேனோஸ் ஒரு வகைச் சர்க்கரை. இ.கோலை சிறுநீர்ப்பைச் சுவரில் பிடிப்பதே இந்தச் சர்க்கரையைத்தான். அதனால் சிறுநீரிலேயே அது மிதந்தால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து போகும் என்பது கணக்கு. கேட்க அழகாக இருக்கிறது. 2014-ல் வெளிவந்த, 308 பெண்களிடம் நடந்த ஆய்வில் பலனும் பிரமாதமாகத் தெரிந்தது. ஆனால் அதில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 2024-ல் வெளிவந்த ஆய்வில், பிரிட்டனில் 598 பெண்களுக்கு, பாதிப்பேருக்கு இதையும் பாதிப்பேருக்குப் பழச் சர்க்கரையையும், எது எதுவென்று சொல்லாமல் தினம் 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்தார்கள். மறுபடி தொற்று என்று மருத்துவ உதவி தேடியவர்கள் டி-மேனோஸ் பக்கம் 51 சதவீதம், பழச் சர்க்கரைப் பக்கம் 55.7 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 2 கிராமுக்கே இந்தக் கதி. நம் கடைக் கூட்டு மாத்திரைகளில் பலவற்றில் அது அரை கிராம் அளவில்தான் இருக்கிறது. ஆகவே உன் இரண்டாவது படத்துக்கு என் ஓட்டு இல்லை. அந்தச் சாஷேக்களில் பொட்டாசியமும் சேர்ந்திருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பி.பி. மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து.

சிட்ரேட் சிரப் எரிச்சலைத் தணிக்கும். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கிறது, அதனால் சுகம் தெரிகிறது. கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த தொற்றை அது தடுக்காது. சுகம் தெரிந்ததும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறோம் பார், அதுதான் எனக்கு அதன் மேல் கோபம்.

பக்கத்து வீட்டு அக்கா நெருஞ்சில் குடிநீர் சொன்னார்களாமே. நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை எல்லாம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக நீர்ப்பாதைக்குப் பயன்படுபவை. கிரான்பெர்ரிக்கு இருக்கிற மாதிரி 50 ஆய்வுகள் அவற்றுக்கு இல்லை. உனக்கு அந்த வழியில் நம்பிக்கை இருந்தால், 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சானடோரியத்திலேயே இருக்கிறது. அங்கே வெளிநோயாளிப் பிரிவில் காட்டி, படித்தவர் எழுதிக்கொடுப்பதை வாங்கு. பெயர் தெரியாத பொட்டலப் பொடி வேண்டாம்.

தயிர் சாப்பிட்டால் போதுமா என்றும் கேட்டிருந்தாய். தயிர் நல்லது, ஆனால் இதற்கு அது பதில் இல்லை. 2024-ல் வெளிவந்த சண்டிகர் ஆய்வு ஒன்றில் 174 பெண்களுக்கு நல்ல பாக்டீரியாக்களை வாய்வழியாகவும் பிறப்புறுப்பு வழியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழியாக மட்டும் கொடுத்ததில் பெரிய பலன் இல்லை, பிறப்புறுப்பு வழியில் இருந்தது. நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனாலும் கடையில் நீயாகப் பொறுக்கி எடுக்கிற விஷயம் அல்ல.

இப்போது நான் உண்மையில் பேச வந்தது. பல்கேரியாவின் சோபியா நகரத்தில், தினம் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாக நீர் குடிக்கிற, அடிக்கடி தொற்று வருகிற 140 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப்பேரை மட்டும் வழக்கத்துக்கு மேல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் வழக்கம்போலக் குடித்தவர்களுக்குச் சராசரி 3.2 முறை தொற்று, கூடக் குடித்தவர்களுக்கு 1.7. ஏறக்குறைய பாதி. 2018-ல் வந்த இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பாட்டில் தண்ணீர் விற்கும் டனோன் நிறுவனம், அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் நம் வீட்டுத் தண்ணீரில் அவர்களுக்கு லாபம் இல்லையே.

நீ ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் வண்டலூரில் மின்சார ரயில் ஏறுகிறாய், பெட்டியில் கழிப்பறை கிடையாது. கிண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஆபீஸ் போய்ச் சேரும்வரை அடக்கியாக வேண்டும் என்பதால், கிளம்பும் முன் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறாய். திரும்பும்போதும் அதே கதை. வெயில் காலத்தில் நம் ஊரில் வியர்த்துப் போவதைக் கணக்கில் சேர்த்தால் மிச்சம் என்ன? பெண்கள் வேலைக்குப் போகிற பாதையில் சுத்தமான கழிப்பறை இல்லாத குறையைச் சிவப்பு மாத்திரை விற்று அடைக்கப் பார்க்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது சரியாகும்வரை நீ செய்யக்கூடியது, குடிக்கும் நேரத்தை மாற்றுவது. ஆபீஸ் சேர்ந்ததும் அரை லிட்டர், மதியத்துக்குள் இன்னொரு அரை, கிளம்ப ஒரு மணி நேரம் முன்போடு நிறுத்து, வீட்டுக்கு வந்து மீதி. மோரும் பார்லிக் கஞ்சித் தண்ணீரும் கணக்கில் சேரும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்லிவிடாதே.

ரயில் நிலையக் கழிப்பறையில் உட்கார்ந்ததால் வந்தது என்று நினைத்துக் குமைகிறாயாம், உன் அம்மா சொன்னாள். இல்லை. கிருமி உன் குடலிலிருந்தே வருகிறது. சுத்தம் போதவில்லை என்று பெண்ணைக் குற்றம் சொல்வது நம் வீடுகளில் எளிதான வேலை. அதற்காக வாசனைத் திரவம் போட்டுக் கழுவ ஆரம்பிக்காதே, அங்கே இருக்கிற நல்ல பாக்டீரியாவும் போய்விடும். கல்யாணமான புதிதில் இது அடிக்கடி வருவது உலகம் முழுக்க உள்ளது, வெட்கப்பட ஒன்றுமில்லை. தாம்பத்தியத்துக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிட்டு வா. ஆதாரம் கொஞ்சம்தான், செலவும் இல்லை. விந்தணு கொல்லிப் பூச்சு உள்ள ஆணுறை வேண்டாம். அது தொற்றைக் கூட்டுவது தெளிவாகத் தெரிந்த விஷயம்.

உன் அம்மாவுக்கும் இது வருகிறது அல்லவா? அவளுக்கு உன் பெட்டியைப் பகிர்ந்து கொடுக்காதே. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாக உதவும் என்று 1993-லேயே நிரூபித்தார்கள். டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியது. அவளுடைய சுகரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் கடைக்குப் போகாதே, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ.

கல்ச்சரில் இ.கோலை என்று வந்து, தண்ணீரைக் கூட்டியும் திரும்ப வந்தால், பிஏசி 36 போட்ட கேப்ஸ்யூலை ஆறு மாதம் முயன்று பார். தொடங்கிய தேதியைக் காலண்டரில் எழுது. தொற்று வந்த நாட்களையும் எழுது. ஆறு மாதத்தில் குறையவில்லை என்றால் நிறுத்திவிடு. அப்போதும் தினசரி ஆன்டிபயாடிக்தான் வழி என்று இல்லை. மெத்தினமைன் என்றொரு பழைய மருந்து, அதற்கு ஈடாக வேலை செய்வதாக 2022-ல் வெளிவந்த, பிரிட்டனில் 240 பெண்களிடம் நடந்த சோதனையில் தெரிந்தது. அதை டாக்டரிடம் பெயர் சொல்லியே கேள். சிறுநீர் அமிலமாக இருந்தால்தான் அது வேலை செய்யும், அதனால் சிட்ரேட் சிரப்போடு சேர்க்கக்கூடாது.

சனிக்கிழமை லேபுக்குப் போ. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. போன தடவை மாதிரி பாதிப் பக்கத்தைப் படம் எடுக்காதே. கிருமியின் பெயரும், எந்த மருந்துக்கு ‘எஸ்’ (கிருமி அடங்கும்), எதற்கு ‘ஆர்’ (அடங்காது) என்று போட்ட பட்டியலும் முழுசாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
சித்தி