மஞ்சளாய் மின்னுவதெல்லாம் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை

பாறையில் மஞ்சளாய் மின்னும் திட்டைப் பார்த்தால் தங்கம் என்பார்கள். தங்கம் இல்லையென்றால் செம்பு கலந்த ஏதோ ஓர் உலோகம் என்பார்கள். மலேசியாவின் பாரோய் வட்டாரத்துத் தோட்ட மக்கள் அப்படி நம்புவதில் வியப்பில்லை. சிரம்பானின் ஈயச் சுரங்கங்களையும் பகாங்கின் ரவுப் தங்கச் சுரங்கத்தையும் கண்ட நாடு இது. ஆனால் உலகச் செம்பின் பெரும்பகுதியைத் தரும் மஞ்சள் கனிமமான சால்கோபைரைட்டுக்கு இரண்டு பேச்சுமே பொருந்தாது. அது உலோகமே அல்ல. செம்பும் இரும்பும் கந்தகமும் பிணைந்த சேர்மம். தூய நிலையில் அதன் எடையில் செம்பு 34.6, இரும்பு 30.4, கந்தகம் 35 விழுக்காடு.

பித்தளை மாதிரி ஒரு கலவைதானே என்று கேட்கலாம். பித்தளையில் துத்தநாகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இங்கே ஒவ்வோர் அணுவுக்கும் இடம் குறித்தாகிவிட்டது: ஒரு கந்தக அணுவைச் சுற்றி நான்முகியின் மூலைகளில் இரண்டு செம்பு, இரண்டு இரும்பு. 1932இல் லினஸ் பாலிங்கும் லாரன்ஸ் பிராக்வேயும் எக்ஸ் கதிர் ஆய்வில் இந்த அடுக்கை நிறுவினார்கள். செம்பும் இரும்பும் முறை வைத்து மாறி அமர்வதால் அடிப்படை அலகு கனசதுரமாக நிற்காமல் நெடிதாகிறது, அகலம் 5.29 ஆங்ஸ்ட்ராம், உயரம் 10.42. அகலத்தின் இரண்டு மடங்குக்குச் சற்றே குறைவான உயரம் கொண்ட இந்த நெடிய அலகு, கனசதுரப் படிகமாகும் இன்னொரு மஞ்சள் கனிமமான பைரைட்டில் இல்லை. அப்படியானால் வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்றால், முடியாது. நல்ல படிகம் அரிது. பெரும்பாலும் உருவமற்ற திட்டாகத்தான் கிடைக்கும். மெருகில்லாத பீங்கானில் தேய்ப்பதே நம்பகமான வழி. தங்கம் மஞ்சள் கோடு போடும், சால்கோபைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். சுத்தியலால் தட்டினால் தங்கம் தகடாகும், இது நொறுங்கும். பைரைட்டும் கறுப்புக் கோடுதான் போடும், ஆனால் கத்தி முனைக்குக் கீறல் விழாது, சால்கோபைரைட்டில் விழும்.

சபாவின் மாமுட் சுரங்கத்தில் செம்போடு தங்கமும் எடுத்தார்களே என்பது வலுவான மறுப்பு. 1975 முதல் 1999 வரை நடந்த அந்தச் சுரங்கத்தில் தங்கம் கிடைத்தது உண்மை. ஆனால் அங்கே செம்பே நூறு கிலோ பாறைக்கு ஏறத்தாழ அரைக் கிலோதான். தங்கமோ ஆய்வுக்கூடம் மட்டுமே காட்டக்கூடிய அளவு. கண்ணில் பட்ட மஞ்சள் அதனுடையது அல்ல.

செம்புக்கல் என்று மட்டும் சொல்லிக் கந்தகத்தை மறப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. தமிழ்நாட்டின் தூத்துக்குடி செம்பு உருக்காலைக்கு வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தது செம்புக் கந்தகத் தாதுச் செறிவு. அதை உருக்கினால் கந்தகம் சல்பர் டை ஆக்சைடாகக் கிளம்பும். பிடித்தால் கந்தக அமிலம், தப்பினால் ஊரார் சுவாசிக்கும் காற்றில் நஞ்சு. 2018 மே மாதம் அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள், ஆலை மூடப்பட்டது. மாமுட்டிலும் கைவிட்ட குழியில் தேங்கிய நீர் அமிலமானதற்குக் காரணம் பைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் காற்றும் மழையும் பட்டுச் சிதைந்ததுதான்.