துடுப்பு வெட்டப்பட்ட மீன்

தூண்டிலில் சிக்கிய மீனைக் கொல்லாமல் ஆற்றிலேயே விட்டுவிடுவது கருணைச் செயல் என்றுதான் பலரும் நினைப்பர். அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் இதைப் பற்றி நெடுங்காலமாக வாதம் நடந்து வருகிறது.

அங்குள்ள ஆறுகளில் ஸ்டீல்ஹெட் என்னும் மீன் வாழ்கிறது. இது ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக மீண்டும் ஆற்றுக்குத் திரும்பும். ஆறுகளின் குறுக்கே அணைகள் எழும்பியதாலும் கரையோரக் காடுகள் அழிந்ததாலும் இதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இழப்பை ஈடுகட்டக் குஞ்சு பொரிப்பகங்கள் தோன்றின. அங்கே தொட்டிகளில் வளரும் குஞ்சுகள் ஆண்டுதோறும் ஆறுகளில் விடப்படுகின்றன. விடுவதற்கு முன்பு, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். இதுவே வளர்ப்பு மீனின் அடையாளம். பல ஆறுகளில், அத்துடுப்பு உள்ள மீனைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். துடுப்பில்லாத மீனை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

‘எடுத்துச் செல்லலாம்’ என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இரக்கத்தாலோ, பொழுதுபோக்குக்காக மட்டுமே மீன் பிடிப்பதாலோ சிலர் வளர்ப்பு மீனையும் விட்டுவிடுகின்றனர். தொட்டியில் வளர்ந்த மீனுக்குத் தீனி மேலிருந்து விழுந்தது. பகை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆற்றில் பிழைக்க முடியாத குஞ்சுகளும் தொட்டியில் பிழைத்துவிடுகின்றன. ஓரிகனின் ஹூட் ஆற்றில் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. தொட்டியில் வளரும் ஒவ்வொரு தலைமுறையிலும், ஆற்றில் இனப்பெருக்கம் செய்யும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவதை அது காட்டியது. விடப்பட்ட வளர்ப்பு மீன் இயற்கை மீனோடு இணைந்தால், அந்தக் குறை குஞ்சுகளுக்கும் போய்ச் சேரலாம். ஒரு மீனிடம் காட்டிய இரக்கத்தின் சுமையை ஆற்றின் இனமே தாங்க வேண்டியிருக்கும்.

இயற்கை மீனை விடுவதும் எளிதன்று. ஸ்டீல்ஹெட், வானவில் டிரவுட் இனத்தின் கடலோடும் வகை. களைத்துப்போகும்வரை விரட்டப்பட்ட வானவில் டிரவுட் மீன்களைக் கொண்டு கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீரிலேயே இருந்தவற்றில் 12 விழுக்காடு இறந்தன. 60 விநாடிகள் நீருக்கு வெளியே வைக்கப்பட்டவற்றிலோ 72 விழுக்காடு இறந்தன! ஒரு புகைப்படம் எடுக்க அவ்வளவு நேரம் போதும். விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டை நீரிலிருந்து முழுமையாகத் தூக்கக்கூடாது என்று வாஷிங்டன் விதித்திருப்பது இதனால்தான்.

இருப்பினும், வளர்ப்பு மீனும் ஓர் உயிர்தானே? அணையைக் கட்டியவனும் மனிதன்; குஞ்சைப் பொரித்தவனும், துடுப்பை வெட்டியவனும் மனிதன். மனிதன் செய்த பிழைக்கு அந்த மீன் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கின்றனர். வலியோடு விளையாடிவிட்டு விடுவதைவிட, விரைவாகக் கொன்று உணவாக்குவதே நேர்மை என்பது மறுதரப்பின் பதில். ஆற்றின் நலனை எண்ணினால், இந்தப் பதிலுக்கே வலு அதிகம்.

விண்ட் ஆறு போன்ற சிலவற்றில் வளர்ப்பு ஸ்டீல்ஹெட் குஞ்சுகளை விடுவதையே வாஷிங்டன் நிறுத்திவிட்டது. அங்கே தூண்டில் போடுபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும்.