போலீஸ் கூப்பிட்டா ஓடணுமா? முன்ஜாமீன் பற்றித் தெரிந்துகொள்வோம்

இரவு ஒன்பது மணிக்கு போன் வருகிறது. "உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வாங்க." காலி மனைக்கு அட்வான்ஸ் வாங்கி, பத்திரப்பதிவு இழுத்துக்கொண்டே போன தகராறு அது. ஏமாற்றிவிட்டார் என்று எதிர்த்தரப்பு புகார் கொடுத்துவிட்டது. வீட்டில் உடனே கிடைக்கும் ஆலோசனை என்ன? "மச்சான், ரெண்டு நாளைக்கு போனை ஆஃப் பண்ணிட்டு எங்க ஊருக்கு வந்துடுங்க."

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இதைவிடக் கெடுதலான ஆலோசனை கிடையாது. முன்ஜாமீன் கேட்டுப் போகும்போது, "இவர் விசாரணைக்குக் கிடைப்பாரா, ஓடிவிடுவாரா?" என்பதைத்தான் நீதிமன்றம் முக்கியமாகப் பார்க்கும். தலைமறைவானவர் அந்தக் கேள்விக்குத் தானே பதில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

முதலில் செய்ய வேண்டியது, புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு காவல் நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் இருந்தால், அது விசாரணை அளவில்தான் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர், பதிவானால்தான் அது வழக்கு. எஃப்.ஐ.ஆர் பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் உங்கள் போனிலிருந்தே எஃப்.ஐ.ஆரைத் தேடிப் பார்க்கலாம்.

எஃப்.ஐ.ஆர் கிடைத்தால், அதில் உள்ள பிரிவுகளைப் பாருங்கள். முன்ஜாமீன் என்பது ஜாமீனில் விட முடியாத குற்றங்களுக்கு மட்டும்தான். சாதாரண அடிதடிக் காயத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 115(2) ஜாமீனில் விடக்கூடியது. அதில் ஜாமீன் உங்கள் உரிமை, காவல் நிலையத்திலேயே கிடைக்கும். நம் மனைத் தகராறில் வரக்கூடிய 318(4), பழைய 420-க்குப் பதிலாக வந்தது. அது ஜாமீனில் விட முடியாத குற்றம், 7 ஆண்டு வரை தண்டனை உண்டு.

அதற்காக உடனே கைது என்று அர்த்தமில்லை. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எந்திரம் போலக் கைது செய்யக்கூடாது என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைது தேவையில்லாதபோது, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 35(3)-ன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ்படி நீங்கள் போய்வந்துகொண்டிருந்தால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. இந்த நோட்டீஸை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது சட்டப்படியான வழி ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

வாட்ஸ்ஆப் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். வீடியோ காலில் சீருடையோடு தோன்றி "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், இந்த அக்கவுண்டுக்குப் பணம் அனுப்பினா ஜாமீன்" என்று யாராவது சொன்னால், அவர் போலீஸ் இல்லை, திருடர். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள்.

மனு எங்கே, எப்படி?

கைது நடக்கும் என்று நம்ப உண்மையான காரணம் இருந்தால், பிரிவு 482-ன்கீழ் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். பொதுவாக அமர்வு நீதிமன்றத்தில் கேட்டுவிட்டு, அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்துக்குப் போவார்கள். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 438. பழைய 482 என்பது வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் பிரிவு, இப்போது அது 528 ஆகிவிட்டது. 2024 ஜூலை 1-க்கு முந்தைய வீடியோக்களைப் பார்த்து எண்ணைச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

எஃப்.ஐ.ஆர் இல்லாமலும் மனு போடலாம். 1980-ல் குர்பக்‌ஷ் சிங் சிப்பியா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்படித்தான் சொன்னது. ஆனால் "ஏதாவது கேஸ் போட்டாலும் போடுவாங்க" என்ற பொத்தாம்பொதுவான பயம் போதாது. வழக்கே பதிவாகவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னால், மனு அதோடு முடித்து வைக்கப்படுவதும் உண்டு.

மனு போட்டாலே கைது நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தால்தான் பாதுகாப்பு. மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வக்கீலுக்கு பத்து தடவை போன் செய்ய வேண்டியதில்லை.

உத்தரவு வந்த பிறகுதான் வேலையே

"முன்ஜாமீன் கிடைச்சாச்சு" என்று இனிப்பு கொடுத்துவிட்டு அந்தப் பேப்பரைப் பீரோவில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் மாநிலத்தில் வரும் உத்தரவுகளில், குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் 15 நாளுக்குள், மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி, இரண்டு ஜாமீன்தாரர்களோடு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருக்கும். அந்தக் கெடு தாண்டினால், கிடைத்த பாதுகாப்பு கைவிட்டுப் போய்விடும். ஜாமீன்தாரர்களிடம் ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகல் கேட்பார்கள். ஆகவே சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். கடைசி நாளில் ஆள் தேடி அலைவது பெரும்பாடு.

தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் நிபந்தனையும் வரலாம். வேலைக்குப் போக முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம். நீங்களாகவே நிறுத்தக் கூடாது. சாட்சியை மிரட்டுவது, அனுமதியில்லாமல் வெளிநாடு போவது இரண்டுக்கும் தடை உண்டு. புகார் கொடுத்தவருக்குக் கோபத்தில் அனுப்பும் ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட ஜாமீனை ரத்து செய்யக் காரணமாகலாம். நிபந்தனைகளை மீறாதவரை, முன்ஜாமீனுக்குப் பொதுவாகக் காலக்கெடு இல்லை என்பது 2020-ல் சுசீலா அகர்வால் வழக்கின் தீர்ப்பு. ஆனால் வழக்கு அப்படியே இருக்கும், விசாரணையும் நடக்கும்.

எல்லா வழக்கிலும் இந்த வழி திறந்திருக்காது. 16 வயதுக்கு உட்பட்ட பெண்ணை வல்லுறவு செய்த குற்றச்சாட்டு, 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான கூட்டு வல்லுறவு ஆகியவற்றில் முன்ஜாமீன் கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் தடை இருக்கிறது. முதல் பார்வையிலேயே அந்தச் சட்டப்படி குற்றம் இல்லை என்று தெரிந்தால் மட்டுமே நீதிமன்றம் விதிவிலக்காகப் பார்க்கும்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. போகும்போது எஃப்.ஐ.ஆர் நகல், ஆதார், தகராறு சம்பந்தமான ரசீது, ஒப்பந்தம், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.