ராம் விலை ஏன் ஏறி இறங்குகிறது?

பட்டினப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி கல்லூரிப் படிப்புக்காக கம்ப்யூட்டர் வாங்கினான். "இப்போதைக்கு 8 ஜிபி ராம் போதும், பிறகு விலை குறையும்" என்று நான்தான் சொன்னேன். 2025 இறுதியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பினான். என் கணக்கு எங்கே தப்பியது?

ராம் சிப் தயாரிக்கத் தனி இயந்திரங்கள் வேண்டும். அமெரிக்காவின் லாம் ரிசர்ச், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் போன்ற சில நிறுவனங்களே அவற்றைச் செய்கின்றன. ஆர்டர் கொடுத்தால் வந்து சேரப் பல மாதங்கள். புதுத் தொழிற்சாலை என்றால் வருடங்கள்.

2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக நாம் எல்லோரும் கம்ப்யூட்டர் வாங்கினோம். சிப் நிறுவனங்கள் இயந்திரங்களை வாங்கிக் குவித்தன. 2022-ல் விற்பனை சரிந்தது, ராம் தேங்கியது, இயந்திர ஆர்டர்கள் குறைந்தன. 2023 ஜனவரியில் லாம் ரிசர்ச் சுமார் 1,300 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. மீன் விலை ஏறியதும் ஆளாளுக்குப் படகு கட்டச் சொல்லி, படகு வரும்போது விலை இறங்கிக் கிடப்பது போலத்தான்!

பிறகு ஏஐ சர்வர்கள் ராமை அள்ளிக்கொண்டன. உற்பத்தியை உடனே கூட்ட வழியில்லை, விலை எகிறியது.

எனவே, ராம் விலை குறைந்தே தீரும் என்று காத்திருக்காதீர்கள். தேவையான அளவை வாங்கும்போதே போட்டுவிடுங்கள். மதர்போர்டில் காலி ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.