அச்சுப்பொறி எச்சரிக்கைகளும் அவற்றைத் தீர்க்கும் நெறியும்

மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் நோக்கி மலையேறும் ஊர்திகள் வழியிலுள்ள சோதனைச் சாவடியைக் கடந்தே மேற்செல்லல் வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் முதல் வெளியூர் ஊர்திகள் இ-பாஸ் பெற்றே நீலகிரிக்குட் புகுதல் வேண்டும் என்னும் முறை ஏற்பட்டது. நீலகிரியிற் பதிவு பெற்ற ஊர்திகளுக்கு அதனினின்றும் விலக்கு அளிக்கப்பட்டது. இ-பாஸ் இல்லாத ஊர்தியிற் கள்வனே இருப்பான் என்று சாவடிக் காவலர் துணிவதில்லை. இ-பாஸ் உள்ள ஊர்தியில் தீயது யாதும் இராது என்று உறுதி கூறுவதுமில்லை. "நீர் யார்? எங்கிருந்து வருகின்றீர்?" என்பதே அவர் வினா.

நம் வீட்டுக் கணினியும் இத்தகைய சாவடி ஒன்றை உடையது. புதிய அச்சுப்பொறியை இணைக்கும்போதும், பழைய அச்சுப்பொறிக்குரிய மென்பொருளை மீண்டும் நிறுவும்போதும் திரையில் தோன்றும் எச்சரிக்கைகள் அச்சாவடிக் காவலன் விடுக்கும் வினாக்களே யாம். அவற்றைக் கண்டு அஞ்சி வேலையைக் கைவிடுவாரும் உளர்; படித்தும் பாராமல் ஒதுக்கித் தள்ளுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் தவறுகின்றனர் என்பதும், வினாவிற்குரிய விடையைத் தேடி அளித்தலே நெறி என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அச்சுப்பொறி மென்பொருளின்மீது இத்துணைக் கடுங்காவல் எதற்கு எனின், கூறுவாம். கணினி பேசும் மொழி வேறு; அச்சுப்பொறி அறியும் மொழி வேறு. இரண்டிற்கும் இடையே நின்று துபாஷிபோல மொழிபெயர்ப்பது டிரைவர் என்னும் இயக்கி மென்பொருள். அச்சிட வேண்டிய தாள்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக அனுப்புவது ஸ்பூலர் என்னும் பணியாள். இவை கணினியின் உள்ளறைவரை சென்று தொழில் செய்யும் உரிமை பெற்றவை. வீட்டின் திறவுகோலைப் பெற்ற வேலையாள் தீயனாயின் வீடு முழுவதற்கும் கேடாதல் போல, இவற்றுள் ஒன்று பழுதுபடின் கணினி முழுவதும் அயலார் கைப்படும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சு நிரல் பரவுதற்குக் கொண்ட வழிகளுள் விண்டோஸ் ஸ்பூலரில் இருந்த குறையும் ஒன்று. 2021-இல் பிரிண்ட் நைட்மேர் எனப் பெயர்பெற்ற மற்றொரு பெருங்குறை வெளியாயிற்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் மாதந்தோறும் திருத்தம் வெளியிடும் நாள்வரை காத்திராமல், ஜூலை 6-ஆம் நாளே திருத்தங்களை வெளியிடத் தொடங்கிற்று. 2020 ஜனவரியிலேயே பொது ஆதரவு நீங்கிய விண்டோஸ் 7-க்கும் அத்திருத்தத்தை அளித்தது என்றால் அபாயத்தின் அளவை உய்த்துணரலாம். அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் வெளிவந்த திருத்தத்தின்பின், அச்சுப்பொறி இயக்கியை நிறுவ நிர்வாகியின் உரிமை வேண்டும் என்பது விண்டோஸின் இயல்பான விதியாயிற்று. முன்னர் வினவாத கணினி பின்னர் வினவத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, காவலன் எதனைக் கொண்டு ஆராய்கின்றான் என்பதை நோக்குவாம். மென்பொருளை ஆக்கியவர் அதன் உள்ளடக்கம் முழுவதையும் கணித்து ஒரு சிறு சுருக்க எண்ணை வருவிக்கின்றார். உள்ளே ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். அவ்வெண்ணைத் தம்மிடம் மட்டுமே உள்ள மறைதிறவி கொண்டு பூட்டி, அதனை மென்பொருளுடன் இணைக்கின்றார். இதுவே மின்கையொப்பம். அக்கையொப்பம் இன்னாருடையது என்று நம்பிக்கைக்குரிய மூன்றாமவர் ஒருவர் சான்றிதழ் வழங்குகின்றார். நம் நாட்டில் மின்கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பு அளித்தது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம். கையொப்பம் இல்லையாயினும், சான்றிதழ் பின்னர் நீக்கப்பட்டதாயினும், உள்ளடக்கம் மாறியதாயினும் கணினி எச்சரிக்கும். ஆகவே கையொப்பம் உணர்த்துவன இரண்டே: இஃது இன்னாரிடமிருந்து வந்தது, இடைவழியில் மாற்றப்படவில்லை. அனுப்பியவர் நல்லவரா என்பதையோ, அவருடைய பட்டறை தூயதா என்பதையோ அஃது உணர்த்தாது.

இதனை விளக்க அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு சாலும். 2020 அக்டோபரில் ஆப்பிள் கணினி வைத்திருந்தோர் பலர்க்கு, தம் ஹெச்.பி. அச்சுப்பொறியின் மென்பொருள் கணினிக்குக் கேடு விளைக்கும் என்னும் எச்சரிக்கை திடீரெனத் தோன்றிற்று. முன்னாள்வரை குறைவின்றி அச்சிட்ட பொறிகள் வாளா நின்றன. உண்மையில் அம்மென்பொருளில் நஞ்சு யாதும் இல்லை. பழைய இயக்கிகளுக்குரிய சான்றினை அந்நிறுவனமே தவறுதலாக நீக்கிவிட்டது. பழையதை அகற்றிவிட்டு, ஆப்பிள் கணினியிலேயே அமைந்துள்ள ஏர்பிரிண்ட் முறையைக் கொள்ளுமாறு அந்நிறுவனம் அறிவுறுத்திற்று.

மற்றொரு நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. புரோகலர்ட் என்னும் சீன நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்றை ஆய்ந்து கருத்துரைக்கப் பெற்ற கேமரன் கவார்ட் என்பார், அதனுடன் வந்த மென்பொருளைக் கணினியில் இட்டபோது ஆன்டிவைரஸ் எச்சரித்தது. நிறுவனத்தை வினவியபோது, அது பொய் எச்சரிக்கை என்னும் விடையே கிடைத்தது. அவர் அமைதியுறாமல் வல்லுநரை நாடினார். ஜி டேட்டா நிறுவனத்தைச் சார்ந்த கார்ஸ்டன் ஹான் என்பார் ஆராய்ந்து 2025 மே மாதத்தில் முடிவை வெளியிட்டார். அந்நிறுவனத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் இருந்த 39 கோப்புகள் நச்சுற்றிருந்தன. அந்நச்சு நிரல்களுள் ஒன்று, பிட்காயின் அனுப்புவோர் படியெடுக்கும் முகவரியை மாற்றித் தீயோர் முகவரியை வைப்பது. அம்முகவரிக்கு ஏறத்தாழ 9.3 பிட்காயின் வந்து சேர்ந்திருந்தது. நிறுவனம் அக்கோப்புகளை நீக்கிற்று. ஆக்கியோரே வஞ்சித்தனர் என்பதன்று. அவர் அறியாமலே அவருடைய பட்டறையில் நஞ்சு புகுந்திருந்தது.

தமிழ் கற்போர்க்கு ஈண்டுச் சிலப்பதிகாரம் நினைவிற்கு வாராதிராது. கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒன்றே. ஒன்றன் பரல் முத்து, மற்றொன்றன் பரல் மாணிக்கம். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன் உள்ளிருப்பதை ஆராயாமல் ஆணையிட்டான்; உடைத்துக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. 2020-இன் எச்சரிக்கையும் 2025-இன் எச்சரிக்கையும் திரையில் ஏறக்குறைய ஒருபடித்தாகவே தோன்றின. ஒன்றில் குற்றமற்றது குற்றஞ்சாட்டப்பட்டது. மற்றொன்றிற் குற்றமுடையது குற்றமற்றதென்று சொல்லப்பட்டது. திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தமை அரசர்க்கு மட்டுமன்று, கணினிமுன் அமர்ந்திருப்பார்க்கும் பயன்படும்.

இவற்றை யான் நூலறிவால் மட்டும் கூறவில்லை. கடந்த ஆண்டு மழைக்காலத்தில், தங்கையின் உதவித்தொகை விண்ணப்பத்தை அச்சிட வேண்டியிருந்தது. எந்தையார் குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றிற் கணக்கர். வீட்டுக் கணினி பழையது. இயக்கியைக் கணினி ஏற்க மறுத்தது. கோயம்புத்தூருக்கு இறங்கிச் செல்ல மனமில்லாத யான், காவலை அணைத்துவிட்டு இணையத்தில் தேடி, முதலிற் கண்ட உதவி எண்ணுக்குப் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் மிக்க பணிவுடன் பேசினார். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் செய்தார். கட்டணமாக 2,400 ரூபாய் பெற்றார். ஒரு மணி நேரத்திற்குள் எந்தையாரின் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து ஒருமுறைக் கடவுச்சொற்கள் வரத் தொடங்கின. அவற்றைத் தருமாறு அம்மனிதர் வற்புறுத்தினார். எந்தையார் தரவில்லை; இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, இணையக் குற்ற உதவி எண்ணாகிய 1930-க்கு அறிவித்தார். சேமிப்பு தப்பிற்று; 2,400 ரூபாய் மீளவில்லை. "படித்த பிள்ளை நீயே கதவைத் திறந்துவிட்டாயே" என்று அவர் கூறிய ஒரு சொல் இன்றும் என் செவியில் உள்ளது. அதன்பின் முறையாகக் கற்றவற்றையே கீழே தொகுத்துரைக்கின்றேன்.

எச்சரிக்கைகள் ஐவகைப்படும்.

முதலாவது, வெளியிட்டவர் யார் என்று தெரியவில்லை என்பது. இறக்கிய கோப்பின்மீது வலப்பொத்தானை அழுத்திப் பிராபர்டீஸ் என்பதைத் திறந்து, டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்னும் தாளைக் காண்க. அச்சுப்பொறி நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்து, கையொப்பம் செல்லும் என்று காட்டினால் மேற்செல்லலாம். அத்தாளே இல்லையாயின் கோப்பை நீக்கிவிட்டு, நிறுவனத்தின் இணைய முகவரியை நாமே தட்டெழுதிச் சென்று புதிதாகப் பெறுக. தேடுபொறியின் தலையில் தோன்றும் விளம்பரத்தைத் தொடற்க.

இரண்டாவது, இது நச்சு நிரல் என்பது. அக்கோப்பை இயக்கலாகாது; ஆன்டிவைரஸ் சிறையிட்டதை விடுவிக்கவும் ஆகாது. ஐயம் தீர, பல ஆன்டிவைரஸ்களின் முடிவை ஒருங்கே காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் நிறுவுகோப்பை இட்டுப் பார்க்கலாம். நம் சொந்த ஆவணங்களை அங்கே இடுதல் தகாது. புதிதாகப் பெற்ற படியும் அவ்வாறே எச்சரிக்கப்படின், ஐயம் தெளியும்வரை அதனைப் பயன்படுத்தாமலிருத்தலே அறிவுடைமை.

மூன்றாவது, இவ்வியக்கியை ஏற்ற இயலாது என்பது. விண்டோஸ் 11-இல் மெமரி இன்டக்ரிட்டி என்னும் காவல் குறையுள்ள பழைய இயக்கிகளைத் தடுக்கும். யான் செய்தது போலக் காவலை அணைத்தல் எளிது. அணைத்ததை மறந்துவிடுதல் அதனினும் எளிது. செட்டிங்ஸ் பகுதியில் பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ் என்பதைத் திறந்து, பழைய அச்சுப்பொறியை நீக்கி, மீண்டும் சேர்க்க. புதிய பொறிகள் பலவற்றிற்கு விண்டோஸில் உள்ள பொது இயக்கியே போதும். நிறுவனந்தோறும் வேறுபடும் இயக்கிகளைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக மைக்ரோசாப்ட் 2023-இல் அறிவித்ததும் இது கருதியே.

நான்காவது, அச்சுப்பொறியின் அமைப்புகளைக் காணப் பிரவுசரில் அதன் முகவரியை இட்டபோது, தொடர்பு பாதுகாப்பானதன்று என்பது. அப்பொறி தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொண்டமையால் இது தோன்றும். இட்ட முகவரி அச்சுப்பொறியின் சிறுதிரையில் உள்ள முகவரியே என்பதும், நாம் நம் வீட்டு வைஃபையில் உள்ளோம் என்பதும் உறுதியாயின் அஞ்ச வேண்டுவதில்லை. உட்சென்றதும் பொறியுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுதல் நன்று.

ஐந்தாவது, எச்சரிக்கை போல நடிப்பது. ஊதல் ஒலியுடன் திரை முழுவதும் பரந்து, தொலைபேசி எண் ஒன்றைக் காட்டும். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இராது. பிரவுசரை மூடிவிடுதலே இதற்கு மருந்து.

மலைவாழ்வார்க்குச் சிறப்பாக ஒன்று கூறுவேன். அச்சுப்பொறியின் உள்நிரலைப் புதுப்பிக்கும் இடையில் மின்சாரம் நின்றால் பொறியே பயனற்றுப் போதல் கூடும். காற்றும் மழையும் மிக்க நாட்களில் அவ்வேலையைத் தொடங்காதிருத்தல் நலம். விண்டோஸ் 10-க்குரிய இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது; அதனைக் கொண்டிருப்போர், நீட்டிப்புத் திருத்தமோ புதிய விண்டோஸோ பெறாதவரை, இயக்கியை மட்டும் புதுப்பித்து அமைதல் போதாது.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில், தொழுவத்தின் வாயில் வழியே வருபவனையும் வேறு வழியாய் ஏறி வருபவனையும் நம் ஆண்டவர் பிரித்துக் காட்டினார். மென்பொருளும் வாயில் வழியே வரட்டும். வாயிலிற் காவலன் வினவும்போது சினவாமலும், அவன் கண்களைக் கட்டாமலும், ஒரு நிமிடம் நின்று விடை தேடுவோமாக. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட மறுத்தமையால் எம் இல்லத்தில் ஓராண்டுச் சேமிப்பு அழியும் எல்லைவரை சென்று மீண்டது. இதனைப் படிக்கும் தோழர் ஒருவரேனும் அவ்வெல்லைக்குச் செல்லாமல் நிற்பாராயின், என் நாணம் வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.