வேர்முடிச்சும் சுண்டைவேரும்

செழித்து வளர்ந்த கத்தரிச்செடி பூக்குங்காலத்து நண்பகலில் வாடி, மாலையிற் சிறிது தேறி, மறுநாளும் வாடுமாயின், நீர் போதவில்லை என்று கருதி உழவர் மேலும் பாய்ச்சுவர். எம்மூர்ப் புறத்தே அத்தகைய தோட்டமொன்றில் உடையவர் இசைவு பெற்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். வேரெல்லாம் மணி கோத்தாற்போல முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. பயற்றுச்செடியின் வேரிற் காணும் நன்மை பயக்கும் முண்டுகளோ இவை என முதலில் ஐயுற்றோம். அம்முண்டுகள் நகத்தால் நெருட உதிர்ந்துவிடும், இவையோ உதிரவில்லை. வேரே பருத்திருந்தது.

இது வேர்முடிச்சு நூற்புழுவின் செயலாகும். மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார் கண்ணாடி மனையில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் இதனைக் கண்டு 1855-ஆம் ஆண்டில் எழுதினார். மண்ணில் திரியும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளமும் இல்லாதது. அது வேர்நுனியருகே துளைத்துப் புகுந்து, நீர் செல்லும் குழாய்களின் அருகே தங்கி, ஊசி போன்ற தன் வாயால் ஒருவகை நீரைச் சுரக்கும். அதனால் அங்குள்ள சில உயிரணுக்கள் பன்மடங்கு பெருத்துப் புழுவுக்கு உணவூட்டும் செவிலியராக மாறிவிடுகின்றன. பெண்புழு பின்னர் அவ்விடம் விட்டு அசைவதில்லை. பேரிக்காய்போற் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பசைத்திரளில் இடும். வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு திங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். வேருக்குள் அடைபட்ட இப்புழுவை மருந்திட்டு ஒழித்தல் அரிது.

இனி, எதிர்ப்பாற்றலுடைய வேர் என்றவுடன், புழு நுழையவொட்டாத வன்றோல் வேர் போலும் என்று யாம் எண்ணியிருந்தோம். அஃதன்று. நன்கு ஆராயப்பட்ட தக்காளியையே எடுத்துக்கொள்வோம். எதிர்ப்புடைய தக்காளியின் வேரிலும் புழு புகத்தான் செய்கிறது. ஆனால் அது வாய்வைத்த இடத்து அணுக்கள் சில மணி நேரத்திலேயே தாமே மடிந்துவிடுகின்றன. ஊட்டுவார் இன்மையால் புழு பட்டினி கிடந்து சாகும், அன்றி வெளியேறும். தன் உறுப்பிற் சிறிதை இழந்து பகைவனுக்குச் சோறு மறுக்கும் இவ்வழி எமக்குப் பெரிதும் வியப்பளித்தது. இப்பண்பு பெரு நாட்டுக் காட்டுத்தக்காளி ஒன்றினின்று வந்தது. நாட்டுத்தக்காளியோடு அதனைக் கலந்தால் கரு விதைக்குள்ளேயே அழிந்துபோகும். 1944-இல் கலிபோர்னியாவில் ஸ்மித் என்னும் அறிஞர் அக்கருவைத் தனியே எடுத்து வளர்த்துக் காப்பாற்றினார். அதிலுள்ள மரபணுவை 1998-இல் பிரித்தறிந்தனர்.

ஆயினும் இதனை மிகையாக நம்புதல் கூடாது. மண்ணின் வெப்பம் 28 பாகை சென்டிகிரேடைக் கடந்தால் இவ்வெதிர்ப்புத் தளர்ந்துவிடுகிறது. நம் நாட்டுச் சித்திரை வெயிலில் மேல்மண் அவ்வளவில் நிற்பதில்லை என்பதை யாவரும் அறிவர். அன்றியும், ஒரே எதிர்ப்புவேரை ஆண்டுதோறும் நட்டுவந்தால், அதனையும் வெல்லும் புழுக்கள் மண்ணிற் பெருகுகின்றன.

கத்தரிக்கு உதவும் வேர் நம் வேலியோரத்திலேயே இருக்கிறது. வற்றலுக்காக நாம் பறிக்கும் சுண்டையே அது. வேர்முடிச்சுப் புழுவைப் பெரும்பாலும் தாங்குவதோடு, மண்ணால் வரும் வாடல் நோய்களையும் அது எதிர்க்கும். சப்பானியர் நெடுநாளாகக் கத்தரியை அதன்மேல் ஒட்டி வளர்க்கின்றனர். சுண்டையையும் கத்தரியையும் கலப்பினமாக்குதல் எளிதன்று, ஒட்டுதலோ எளிது. சுண்டைநாற்றின் தலையை அறுத்து, தண்டைப் பிளந்து, ஆப்புப்போற் சீவிய கத்தரிக்குருத்தை அதிற் செருகிக் கவ்வியால் இறுக்கி, ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் ஒரு வாரம் வைப்பர். சுண்டையின் கைப்புக் காயில் ஏறாதோ என்று எம் தோழர் ஒருவர் வினவினார். காய்க்கும் கிளை கத்தரியினது ஆதலின் காயும் கத்தரிக்காயே.

இரண்டு செய்திகளை மறத்தலாகாது. சுண்டைவிதை மெல்லவே முளைப்பது. ஆதலின் கத்தரிக்குச் சில வாரம் முன்னரே அதனை விதைத்தல் வேண்டும். நடும்பொழுது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். மண்ணுட் புதைந்தால் கத்தரித்தண்டு தானே வேர்விட, புழு அவ்வழியே புகுந்துவிடும்.