நிறுவு மென்பொருளிலிருந்து இணையவழி இலவசச் செயலிக்கு: தமிழ்ப் பனுவல்களின் நிலைபேறு

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் நிறுவிப் பயன்படுத்தப்பட்ட சொற்செயலிகளின் இடத்தை இணையவழி இலவசச் செயலிகள் பெற்றுவருகின்றன. இம்மாற்றம் தமிழ்ப் பனுவலை எழுத்துருச் சார்பிலிருந்து விடுவித்ததையும், கணக்குச் சார்பு என்னும் புதிய நிலைக்கு உட்படுத்தியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஒருங்குறி, எழுத்துரு, குறியேற்றம், இணையவழிச் செயலி, பனுவல் பாதுகாப்பு

முன்னுரை

நிறுவு மென்பொருளில் செயலியும் கோப்பும் பயனரின் கணினியிலேயே இருக்கும். இணையவழிச் செயலியில் உலாவியே பணிக்களம். கோப்பு நிறுவனத்தின் வழங்கியில் தங்கும். 2006ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் ரைட்லி என்னும் இணையவழிச் சொற்செயலியை வாங்கி, கூகுள் ஆவணமாக வளர்த்தெடுத்தது இம்மாற்றத்தின் குறிப்பிடத்தக்க கட்டமாகும். இதனால் ஆய்வாளர் விலைச்சுமையிலிருந்து விடுபட்டார். தமிழைப் பொறுத்தவரை, எழுதியது பிற்காலத்தில் படிக்கக் கிடைக்குமா என்பதே முதன்மையான வினா.

எழுத்துருச் சார்பு

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே (1991) தமிழ் இடம்பெற்றது. எனினும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஆய்வேடுகள் பாமினி முதலான எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தது. ‘அம்மா’ என்னும் சொல் கணினியின் நினைவகத்தில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்னும் குறிகளாகவே பதிவாகும். அவ்வெழுத்துரு இல்லாத இணையவழிச் செயலியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். எனவே இணையவழி எழுத்துப்பணிக்கு ஒருங்குறியே அடிப்படையாயிற்று. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

பழைய கோப்புகளை மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் பாமினியும் கலந்திருப்பின், எது எம்மொழி என்பதை எழுத்துருக் குறிப்பைக் கொண்டே பிரித்தறிய இயலும். அக்குறிப்பை நீக்கி வெறும் உரையாக மாற்றிக்குள் இட்டால் ஆங்கில மேற்கோள்களும் சிதைந்த தமிழாகிவிடும்.

கணக்குச் சார்பு

இணையவழிச் செயலியில் பனுவலின் இருப்பு பயனர் கணக்கின் இருப்பைச் சார்ந்தது. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என 2023இல் கூகுள் அறிவித்தது. ஆய்வாளர் மறைந்தபின் அவர்தம் குறிப்புகளின் நிலை யாது என்னும் வினாவை இது எழுப்புகிறது. மேலும், கணினியுடன் ஒத்திசைக்கப்பட்ட கோப்புறையில் காணப்படும் கூகுள் ஆவணக் கோப்பு, உள்ளடக்கத்தைக் கொண்டதன்று. வழங்கியிலுள்ள ஆவணத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. அதனைப் படியெடுத்து வைத்தவர், பனுவலைப் பாதுகாத்தவர் ஆகார்.

முடிவுரை

நிறுவு மென்பொருளில் கோப்பு பயனரிடம் இருந்தது; எழுத்துரு இன்றி அதனைப் படிக்க இயலவில்லை. இணையவழிச் செயலியில் எங்கும் படிக்க இயல்கிறது. கோப்பு பயனரின் கையில் இல்லை. பழைய ஆய்வேடுகளை எழுத்துருக் குறிப்புடன் ஒருங்குறிக்கு மாற்றுதலும், இணையவழி எழுதியவற்றைத் திறந்த ஆவண வடிவில் பதிவிறக்கித் துறை நூலகத்தில் வைத்தலும் இவ்விரு குறைகளையும் ஒருசேர நீக்கும். செயலி இலவசமாயினும், பனுவலைக் காக்கும் பொறுப்பு ஆய்வாளருக்கும் அவர்தம் துறைக்கும் உரியதாகவே நிலைக்கிறது.